சூளைக்குள் ஆறாவது கம்பி

செல்போன் அலறியது.

அலறக் கூடாத நேரம்!

சூளைக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒளிந்திருந்த ஹஸ்ஸான் பாய்ந்து சட்டைப்பையைப் பொத்தினான். பட்டனை அமுக்கினான்.

"என்னங்க... கறி வாங்கிட்டீங்களா இல்லியா? மணி பதினொண்ணு ஆவுது!"

மனைவி நாஜியா.

"நாஜி... போலீசு..." என்று அவன் கிசுகிசுப்பதற்குள்...

வெளியே காலடிச் சத்தம்.

"உள்ள யாரு?"

அரைகுறையாகத் திறந்திருந்த இரும்புக் கதவின் இடுக்கில் ஒரு முகம் தெரிந்தது. சூளை மேஸ்திரி மாயவன்! கையில் இரும்புக் கடப்பாரை. அதன் நுனியில் ரத்தம். அவருக்குப் பின்னால் தரையில் முதலாளி சுப்புராயன் கிடந்தார். அவர் அசைந்து இரண்டு நிமிடம் ஆகியிருந்தது.

"ஹஸ்ஸானா? நீ எங்கடா இங்க?"

"மே... மேஸ்திரி..."

"எல்லாத்தையும் பாத்துட்டியா?"

இல்லை என்று சொல்ல வாய் திறந்தான் ஹஸ்ஸான்.

டமால்!

கதவு சாத்தப்பட்டது. வெளியே தாழ்ப்பாள் விழுந்தது. நாஜியாவின் குரல் பாதியில் அறுந்தது. செல்போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை.

விருத்தாசலம் செராமிக் பேட்டையில், ஞாயிற்றுக்கிழமையில், தான் வேலை பார்க்கும் கம்பெனியின் சூளைக்குள் ஒருவன் வலியப் போய் உட்காருவானா? ஹஸ்ஸான் உட்காருவான். வாராவாரம்! காரணம், அவன் மடியிலிருந்த கிட்டார். எழுபத்து மூன்றாம் வருஷத்து ஜப்பான் சரக்கு. குவைத்திலிருந்து அவனைப் பெற்ற அத்தா கொண்டுவந்தது. பிளக்கும் கிடையாது, ஒயரும் கிடையாது, வெறும் மரமும் கம்பியும்தான். அதைச் சூளைக்குள் வைத்து ஒரு தட்டுத் தட்டினால் போதும். வளைந்த செங்கல் கூரை அந்த நாதத்தை வாங்கி, நிதானமாகத் திருப்பித் தரும். பாண்டிச்சேரியிலிருந்து இரண்டு பேர் காரில் வந்து விலைக்குக் கேட்டார்கள். பொண்டாட்டியைக் கேட்டது போல முறைத்து அனுப்பினான்.

இன்று சுருதி சேர்த்துக்கொண்டிருந்தபோதுதான் வெளியே சண்டை கேட்டது.

"அடுத்த வாரம் கேஸ் சூளை வருது மாயவா. இத இடிச்சிடப் போறேன். நீ வேற வேல பாத்துக்க."

"இருபத்திரண்டு வருசம் முதலாளி! என் சூளையில ஒரு லோடு வெடிச்சிருக்குமா?"

"அதெல்லாம் பழைய கதப்பா."

அதற்கு மேல் பேச்சில்லை. கடப்பாரைதான் பேசியது.

கதவில் ஓர் ஓட்டை உண்டு. தீயின் நிறம் பார்க்க வைத்தது, எலுமிச்சம்பழம் நுழையும் அளவு. அதில் மாயவனின் ஒற்றைக் கண் தெரிந்தது.

"தம்பி, உம்மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல."

"அப்ப தொறங்க மேஸ்திரி! நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். எனக்கு ரெண்டு வயசுல பொண்ணு இருக்குது..."

"தெரியும். பேரு வச்சன்னிக்கி வந்து பிரியாணி சாப்ட்டனே! ரொம்ப நல்லா இருந்துச்சி." ஒரு பெருமூச்சு. "ஆனா உன்ன வுட்டா நான் தூக்குல தொங்கணும்."

கண் மறைந்தது. எண்ணெய் பம்ப் உறுமத் தொடங்கியது. பின்சுவரின் அடியில் செக்கச்செவேலென்று ஒரு நாக்கு எட்டிப் பார்த்தது.

தீ!

ஆனால்... சின்னத் தீ!

ஹஸ்ஸானுக்குப் புரிந்தது. இரண்டு பக்கமும் இரும்பு அடுக்குகளில் வரிசை வரிசையாக இன்னும் சுடாத பச்சைப் பொம்மைகள். பிள்ளையார், கிருஷ்ணன், செட்டியார். நாளைக்குச் சுட வேண்டிய லோடு. பெரிய தீயை எடுத்த எடுப்பில் வைத்தால் அத்தனையும் வெடிக்கும். ஆளைக் கொல்லும் அவசரத்திலும் மேஸ்திரி பொம்மையை நினைத்துக்கொண்டு நிதானமாகத் தீ வைக்கிறார்!

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கூடவே ஒரு யோசனையும்.

வேர்வை கண்ணில் இறங்கியது. கத்தினால் கேட்க நாதியில்லை. பேட்டை முழுக்க விடுமுறை. தூரத்தில் ஜங்ஷனில் ஏதோ ரயில் கூவிவிட்டுப் போனது. உதடு யா அல்லாஹ் என்று முணுமுணுத்தது. கை மட்டும் கிட்டாரின் முறுக்காணியைத் திருகியது. ஆறாவது கம்பி. இருப்பதிலேயே தடிமன். கழற்றினான். நடுவழியின் குறுக்கே, இரண்டு அடுக்குகளின் இரும்புக் காலிலும் கணுக்கால் உயரத்துக்கு இழுத்துக் கட்டினான். கம்பி விரலை அறுத்து ரத்தம் வந்தது. பரவாயில்லை.

செல்போனைப் பேன்ட் பையில் செருகிக்கொண்டு சட்டையைக் கழற்றினான்.

"மேஸ்திரி!"

"என்னடா?"

"நான் சாவறது சாவறேன். லோடுல ஈரம் இருக்குது. அது தெரியுமா?"

ஒற்றைக் கண் சட்டென்று ஓட்டைக்கு வந்தது. "எவன்டா சொன்னது? நான் அடுக்குன லோடு!"

"நேத்து ராத்திரி மழ பேஞ்சிதே! புகைபோக்கி வழியா கடைசி வரிசையில ஒழுகியிருக்குது. இந்தச் சின்னத் தீக்கே வெடிச்சிடும்."

"பொய்யி."

"தட்டிக் காட்றேன், கேளுங்க."

காய்ந்ததா, ஈரமா என்று தட்டிப் பார்ப்பதுதான் இந்தக் கம்பெனியில் ஹஸ்ஸானின் வேலை. ஐந்து வருஷமாகப் பொம்மையைத் தட்டித் தட்டித்தான் சம்பளம் வாங்குகிறான். அவன் காதை மாயவனும் நம்புவார்.

முதலில் வழியோரம் இருந்த கிருஷ்ணனைத் தட்டினான்.

டிக்.

"இது காஞ்சது. சரிதானே?"

"ம்."

ஓட்டையிலிருந்து பார்த்தால் தெரியாத கடைசி மூலைக்குப் போனான். கைக்குட்டையை முஷ்டியில் சுற்றினான். கிட்டாரைத் திருப்பிப் பின்பலகையில் ஒரு குத்து.

தொப்!

மறுபடி... தொப்!

வெளியே குரல் நடுங்கியது. "எத்தினி?"

"புள்ளையாரு மொத்தமும் மேஸ்திரி. முப்பது இருக்கும்."

"அய்யய்யோ..."

கொலை செய்தபோதுகூட இப்படிப் பதறாத மனுஷன்! பம்ப் நின்றது. தீ அணைந்தது.

"டேய், மூலையில போயி சுவத்தப் பாத்து நில்லு! அசஞ்சா ஒரே போடு!"

"நிக்கிறேங்க."

ஹஸ்ஸான் கிட்டாரை மூலையில் நிமிர்த்திச் சாத்தினான். அதன் மேல் தன் வெள்ளைச் சட்டையை மாட்டினான். ஒரு கணம் அதைத் தடவிக் கொடுத்தான். பூனை போல நடந்து, கம்பியைத் தாண்டி, கதவோரத்தில் அடுக்குக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த சந்தில் செருகிக்கொண்டான்.

தாழ்ப்பாள் கிரீச்சிட்டது. கதவு திறந்தது.

வெயிலிலிருந்து வந்த கண்ணுக்குச் சூளை கும்மிருட்டு. வெள்ளைச் சட்டை மட்டும் மூலையில் மங்கலாகத் தெரிந்தது.

"அப்டியே நில்லு..." மாயவன் கடப்பாரையை ஓங்கியபடி உள்ளே வந்தார். ஓர் அடி. இரண்டு அடி. மூன்றாவது அடியில்...

ணங்ங்ங்!

ஆறாவது கம்பி கடைசியாக ஒரு முறை பாடியது. மேஸ்திரி குப்புற விழுந்தார். கடப்பாரை உருண்டது.

ஹஸ்ஸான் சந்திலிருந்து பாய்ந்தான். வெளியே! கதவைத் தள்ளினான்! தாழ்ப்பாளைப் போட்டான்!

செல்போனில் நான்கு கோடு. நூறை அடித்தான். அவன் சூளையில்தான் இருப்பான் என்று நாஜியா ஏற்கெனவே அடித்துச் சொல்லியிருந்தாள். ஜீப் கிளம்பிவிட்டதாம்!

"தப்பிச்சேன்..." என்று தரையில் உட்கார்ந்தவனை அந்தக் குரல் எழுப்பியது.

"ஹஸ்ஸானு! கதவத் தொற! இல்லன்னா கிட்டாரு கழுத்த முறிச்சிடுவேன்!"

அடப்பாவி!

ஹஸ்ஸானின் கை தானாகத் தாழ்ப்பாளுக்குப் போனது. இருபது வருஷத்துக்கு முன் அத்தா அதை அவன் மடியில் வைத்த நாள் கண்ணில் வந்தது. இந்த ஒரு கிட்டாருக்காக மறுபடி அந்தக் கடப்பாரைக்கு முன்னால் நிற்பதா?

"மூணு எண்ணுவேன்! ஒண்ணு..."

கையை இழுத்துக்கொண்டான். பர்னர் பக்கம் ஓடினான்.

"மேஸ்திரி! என் கிட்டாரு மேல கைய வச்சீங்க, பர்னரப் பத்த வச்சிடுவேன்! சின்னத் தீ இல்ல, முழுத் தீ! லோடுல ஒரு பொம்ம மிஞ்சாது!"

உள்ளே உயிரோடு நிற்பவர் தன் உயிரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"தம்பி... அத மட்டும் பண்ணிடாதப்பா. இருபத்திரண்டு வருசத்துல ஒண்ணு வெடிச்சதில்ல..."

இருபது நிமிடம் கழித்து இன்ஸ்பெக்டர் பானுமதி கதவைத் திறந்தபோது, மாயவன் பிள்ளையார் வரிசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். கிட்டார் அவர் மடியில், தோள் துண்டால் போர்த்தப்பட்டு, ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. அவர் பிள்ளையாரை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருந்தார்.

டிக். டிக். டிக்.

"எல்லாம் காஞ்சிதான்டா இருக்குது!" என்றார், ஹஸ்ஸானைப் பார்த்து. "என்னியவே ஏமாத்திட்டியே!"

பனியனோடு நின்ற ஹஸ்ஸான் கிட்டாருக்குக் கை நீட்டினான். பானுமதியின் லத்தி குறுக்கே வந்தது.

"தொடாதீங்க சார். இதும் அந்தக் கம்பியும் கேஸ் ப்ராப்பர்ட்டி, சாட்சிப் பொருளு. ஸ்டேஷனுக்கு வரணும்."

"மேடம்! அதுக்கு வெயிலு ஆவாது, ஈரம் ஆவாது... எப்ப திருப்பிக் குடுப்பீங்க?"

"கோர்ட்டுல கேளுங்க."

ஹஸ்ஸான் பனியனால் கண்ணைத் துடைத்தான். உயிர் பிழைத்தும் கை வெறுங்கையாகிவிட்டது.

விலங்கோடு ஜீப்பில் ஏறிய மாயவன் திரும்பினார்.

"அழுவாத தம்பி. எப்டிப் பாத்தாலும் எனக்கு முன்னாடி அது வெளிய வந்துடும்!"