நாலு விரல் இடைவெளி

வலது பக்கச் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே நாலு விரல் தாராளமாக நுழைந்தது. இடது பக்கம் இரண்டுதான். ஞானசேகரன் கையை உருவி, துணியில் துடைத்துவிட்டு மறுபடி நுழைத்துப் பார்த்தார். துடைத்ததால் கார் ஒன்றும் உயர்ந்துவிடவில்லை.

முப்பது வருஷமாகக் காருக்கு அடியிலேயே வாழ்ந்த மெக்கானிக்குக்கு இது பெரிய அவமானம். அதைவிடப் பெரிய சங்கடம், நாளைக் காலை அவருடைய ஒரே மகள் இனியா இந்தப் பழைய காரில் ஏறித்தான் சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டுக் கோவிலுக்குக் கல்யாணப் பெண்ணாகப் போகவேண்டும். அவள் எட்டு வயதில் கேட்டாள். அவர் அன்றே வாக்குக் கொடுத்துவிட்டார்.

பத்து நாள் முன்பு இடது சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கை துருப்பிடித்து முறிந்தது. புதுசு கப்பலில் வர இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். பழைய இரும்புக் கிடங்கில் இதே மாதிரிக் கார் ஒன்று நசுங்கிக் கிடந்தது. அதன் இடது சீட் பெல்ட்டை யாரோ கத்தியால் அறுத்திருந்ததை அவர் பார்த்தார். சீட்டில் காய்ந்திருந்த கறையையும் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் ஸ்பேனரை எடுத்து அதன் இரும்புக் கையையும் ஸ்ப்ரிங்கையும் கழற்றி வந்து தன் காரில் மாட்டினார்.

சனிக்கிழமை மதியம். அவர் பட்டறை இருந்த மூன்றாவது மாடியில் மற்ற பட்டறைகள் எல்லாம் ஷட்டரை இறக்கிவிட்டிருந்தன. வெளியே கொட்டும் மழையின் இரைச்சலையும், கிரீஸ் வாடையையும், ஈரச் சிமெண்ட் வாடையையும் தாண்டி, மூடிய காருக்குள்ளிருந்து தேங்காயெண்ணெய் தடவிய ஈரத் தலைமுடியின் வாசனை மெல்லக் கசிந்து வந்தது. மூக்குதான் ஏதோ விளையாடுகிறது என்று தன்னையே அதட்டிக்கொண்டு அவர் ஜாக்கை மறுபடி ஏற்றினார்.

இடது ஸ்ப்ரிங்கை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றிப் போட்டார். ஸ்ப்ரிங்கில் கோளாறு என்றால் கோளாறும் கூடவே இடம் மாற வேண்டும். காரை இறக்கினார். வலது நாலு விரல். இடது ஒன்றரை.

சீட் முனகியது. பக்கவாட்டில் அசைந்து வாகாக உட்காரும் முனகல்.

கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தார். இடது சீட் காலி. ஆனால் மெத்தை குழிந்திருந்தது.

கிடங்கிலிருந்து எடுத்ததைக் கழற்றி எறிந்தால் கார் இல்லை. கார் இல்லாவிட்டால் மகளின் முகத்தில் எப்படி விழிப்பது? வேறு வழி தெரியாமல் அவர் பானெட்டைத் தொட்டுக் கும்பிட்டார். "நாளைக்கு ஒரு நாள் மட்டும் விட்டுடுங்க. அப்புறம் எடுத்த இடத்துலயே கொண்டாந்து வச்சிடுறேன்."

ஒன்றரை விரல் ஒன்றானது.

"அப்பா, இன்னும் முடியலையா லா?" தேக்கா சந்தையில் வாங்கிய மல்லிகைப் பொட்டலத்தோடு இனியா வாசலில் நின்றாள்.

"கடைசி நட்டு மட்டும்தான் மா." அவர் பலகையில் படுத்துக் காருக்கடியில் நகர்ந்தார். இரும்புக் கையின் மூட்டிலுள்ள ரப்பர் புஷ்ஷின் நட்டை ஆள் எடை ஏறிய பிறகுதான் இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கிக் கிழியும். முப்பது வருஷமாக, பக்கத்தில் யார் நின்றாலும் அவர் சொல்கிற வார்த்தை வாயிலிருந்து தானாக வந்தது. "ஏறி உட்காரு மா."

சொன்ன பிறகுதான் சுருக்கென்றது.

இடது கதவு திறந்தது. மூடியது.

"இறங்கு," என்று கத்தினார். மழையில் அவளுக்குக் கேட்கவில்லை.

மேலே இரும்பு நகர்ந்தது. கீழே வரவில்லை. உயர்ந்தது. கையை நீட்டினார். இரண்டு விரல். மூன்று. நாலு. அவருக்குக் கண்ணீரே வந்துவிட்டது. போய்விட்டது, நம் கும்பிடு கேட்டுவிட்டது என்று நினைத்தார். நட்டை இறுக்கினார்.

அவர் வெளியே நகர்ந்து வந்தபோது அவள் இறங்கி நின்றாள். முகம் வெளிறியிருந்தது. "தோளெல்லாம் கனமா இருக்கு பா. வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் படுக்கறேன்."

அவள் லிஃப்டை நோக்கி நடைவழியில் மெல்லப் போனாள். அவர் காரைச் சுற்றி வந்தார். இரண்டு பக்கமும் நாலு விரல். மெத்தை சமமாக இருந்தது. உள்ளே எந்த வாசனையும் இல்லை.

நடைவழியில் இருந்தது. அவள் போன வழி நெடுக.

லிஃப்ட் பக்கமிருந்து மணி அடித்தது. நிற்காமல். அவர் ஓடினார்.

திறந்த லிஃப்டில் இனியா தனியாக நின்றாள். "எட்டுப் பேர் போற லிஃப்ட். நான் மட்டும்தானே இருக்கேன்? ஓவர்லோட்னு காட்டுது பா."

கதவு மூடவில்லை. மணி நிற்கவில்லை. அவர் குனிந்து பார்த்தார். லிஃப்டின் தரை நடைவழித் தரையைவிட இரண்டு விரல் கீழே இருந்தது.

அவர் பார்க்கப் பார்க்க, மூன்று.