கழற்றிய கயிறு

செங்குத்தான பனிச்சுவரில் நீலக் கயிறு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் உர்கென் நின்றுவிட்டான். இந்தப் பருவத்தில் அவர்கள் இரண்டு பேருக்கு முன்னால் யாரும் இந்த உயரத்துக்கு வரவில்லை. விடிய விடியப் பெய்த பனி பாறையிலும் கோடரியிலும் புருவத்திலும் ஒட்டியிருக்க, கயிற்றில் மட்டும் ஒரு துகள்கூட இல்லை.

"போன வருசக் கயிறு அப்படியே கெடக்கு, பாருண்ணே," என்றான் பின்னால் வந்த துந்து. "கெலு அண்ணன் கொக்கி மாட்ட மறந்தது இதுலதானே?"



"ஆமா," என்றான் உர்கென்.

வேறென்ன சொல்வது? ஊர் முழுக்க அவனே பரப்பிய கதை. கயிறு இருந்தது, கெலுதான் அசட்டையாக மாட்டாமல் ஏறி விழுந்தான் என்று. தங்கை யாங்ஜியிடமும் அதையேதான் சொன்னான். அவள் அழுதுகொண்டே செத்துப்போன புருஷனைத் திட்டினாள். அந்தத் திட்டு முழுக்கத் தனக்குச் சேர வேண்டியது என்று தெரிந்தும் அவன் வாயைத் திறக்கவில்லை.

"நம்ம கயிறு எதுக்குண்ணே வீணா? மேல தேவைப்படும். நீ முன்னாடி ஏறு, கூப்பிட்டா வர்றேன்."

இந்தக் கயிறு இங்கே இருக்க முடியாது என்று சொன்னால், ஏன் என்று துந்து கேட்பான். முகட்டு வழியாகச் சுற்றிப் போகலாம் என்று முகாமிலேயே கெஞ்சிப் பார்த்தாயிற்று. அப்போதும் ஏன் என்றுதான் கேட்டார்கள். உர்கென் கொக்கியை நீலக் கயிற்றில் மாட்டினான். சுவரில் கோடரியைக் கொத்தி ஏறத் தொடங்கினான்.

மஞ்சு மூடுபனியாய் இறங்கியது. துந்து மறைந்தான். தன் மூச்சும், காலணியின் இரும்பு முட்கள் பனியில் நறுக்கென்று இறங்கும் சத்தமும் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. பாதிச் சுவரில் ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு ஒரு திட்டு இருந்தது. அதில் நின்று இளைப்பாறியபோது புளித்த பால்கட்டி வாடை வந்தது. காலடியில் ஒரு துண்டு சுர்பி, காய்ந்து இறுகிய பால்கட்டி, கிடந்தது. கெலுவின் வாய் ஓயாமல் சுர்பி மென்றுகொண்டேயிருக்கும். துண்டில் பல் பதிந்திருந்தது. எச்சில் இன்னும் உறையவில்லை.

கயிறு கட்டுகிறவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. கழற்றுவதற்கு முன் குரல் கொடுக்க வேண்டும். பதில் வந்தால் கை வைக்கக் கூடாது. போன வருஷம் உச்சிக்குக் கீழே கயிறு பற்றவில்லை. கூட்டி வந்த வெளிநாட்டுக்காரர்கள் உச்சிக்குப் போக அவசரப்பட்டார்கள். உர்கென் இந்தச் சுவரின் மேல் விளிம்புக்கு இறங்கி வந்து குரல் கொடுத்தான். மஞ்சுக்குள்ளிருந்து மெலிதாக ஏதோ கேட்டது.

காற்று என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு கயிற்றைக் கழற்றினான். கெலு இந்தத் திட்டில்தான் சுமையோடு நின்றிருந்தான்.

ஏற வேண்டும். கோடரியை ஓங்கினான்.

மேலே ஏதோ உரசியது.

"கயித்துல யாராச்சும் இருக்கீங்களா?"

கெலுவின் குரல். கொஞ்சம் களைத்த குரல். வாயில் எதையோ ஒதுக்கிக்கொண்டு பேசும் அதே குரல்.

"இருக்கேன், மச்சான். நான்தான், உர்கென். கயித்துலதான் இருக்கேன்."

மஞ்சு விலகியது. சுவரின் விளிம்பில் ஒருவன் குந்தியிருந்தான். முகம் முழுக்கப் பனி. கையுறை இல்லாத கருத்த கை, பனியில் முடுக்கிக் கயிறு கட்டிய திருகாணியின் மேல் இருந்தது. அவன் தலையைச் சாய்த்துக் காது கொடுத்தான். பொறுமையாகக் கேட்டான்.

"மச்சான், இருக்கேன்."

காற்று என்பது போல அவன் தலையசைத்தான். திருகாணியைச் சுற்றினான்.

கிறீச். கிறீச்.

"அண்ணே," கீழே மஞ்சுக்குள்ளிருந்து துந்து கூப்பிட்டான், "கயித்த ஏன் மேல இழுக்குற?"

உர்கென் கயிற்றைப் பிடிக்கப் பார்த்தான். விரல்கள் மூடவில்லை. கயிறு கொக்கிக்குள் சரசரவென்று ஓடியது. மேலே அவன் அதை வளையம் வளையமாகத் தோளில் சுற்றிக்கொண்டிருந்தான். கீழிருந்து கயிற்றின் நுனி வந்துகொண்டிருந்தது.