இரட்டைச் சுவர்

இந்தக் காலத்து ஆட்களுக்குக் கரண்ட் போனால் கப்பல் கவிழ்ந்த மாதிரி. அரை மணி நேரம் விளக்கு எரியாவிட்டால் யாரைத் திட்டலாம் என்று ஃபோனைத் தூக்கிக்கொண்டு அலைவார்கள். பிறகு அந்த அரை மணி நேரத்துக்குப் பயந்துகொண்டு, வாழ்நாள் உழைப்பைக் கொட்டி ஒரு வீட்டைக் கட்டுவார்கள். கிழவரின் மாப்பிள்ளை கட்டியிருந்தது அப்படிப்பட்ட வீடு.

கிழவர் லாரி ஓட்டிப் பிழைத்தவர். டயரை உதைத்துப் பார்க்காமல் வண்டியை எடுத்ததில்லை. மகள் வீட்டுக்கு வந்த அன்றும் முதல் வேலையாகச் சுவரைத் தட்டித்தான் பார்த்தார். உள்ளே காலியாக இருப்பது போல ஒலித்தது.

"இரட்டைச் சுவர் மாமா," என்றார் மாப்பிள்ளை. "நடுவுல ஒரு ஆள் கை நுழையற அளவுக்கு இடைவெளி விட்டிருக்கேன். கீழ் துவாரத்துல குளிர்ந்த காத்து உள்ளே வரும், சூடான காத்து மேல் துவாரம் வழியா வெளியே போயிடும். ஃபேன் வேணாம், கரண்ட் வேணாம். எப்படி இருக்கு வீடு?"

"வீடு மாதிரியா இருக்கு? பேங்க் லாக்கர் மாதிரி இருக்கு."

"அப்பா திட்டலைன்னா பிடிச்சிருக்குன்னு அர்த்தம்," என்றாள் மகள்.

"திட்டிக்கிட்டுத்தானே இருக்கேன்."

ஆனால் மாப்பிள்ளையை முழுசாகக் குறை சொல்லவும் அவருக்கு வாய் வரவில்லை. இதெல்லாம் பேத்திக்காகக் கட்டியது. பிறந்ததிலிருந்தே அவளுக்கு மூச்சிரைப்பு. ஒவ்வொரு இழுப்புக்கும் நெஞ்சுக்குள் ஒரு மெல்லிய விசில் கேட்கும். கடைசியில் ஒரு விக்கல் போலத் தட்டி நிற்கும். அதனால்தான் கிழவர் அவளுக்குக் குருவி என்று பெயர் வைத்தார். பழைய வீட்டில் ஒருமுறை கரண்ட் போய், மருந்துப் புகை கொடுக்கும் நெபுலைசர் நின்றுபோனது. லிஃப்டும் ஓடவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படி முழுக்க இறங்கி ஓடியவர் அவர்தான். அந்த விசில் நின்றுவிடக் கூடாதே என்று காதைக் குழந்தையின் முதுகில் வைத்தபடியே ஓடினார்.

இந்த வீட்டில் அந்த விசில் இல்லை. வந்த முதல் நாளே அது அவரை உறுத்தியது. குருவி ஓடினாள், குதித்தாள், கத்தினாள். ஆனால் ஒரு தடவைகூட இரைக்கவில்லை.

"மருந்தையே நிறுத்திட்டோம்பா," என்றாள் மகள். "இந்த வீட்டுக்கு வந்ததுலேர்ந்து மெஷினைத் தொடவே இல்லை."

"டாக்டர் சொன்னாரா?"

"டாக்டர் எதுக்கு? அதான் நல்லா இருக்காளே."

புயல் அறிவிப்பு வந்த அன்று மாப்பிள்ளை பரீட்சைக்குப் போகும் பையன் மாதிரி பரபரப்பாக இருந்தார். மேல்தொட்டி நிரம்பியிருக்கிறதா என்று பார்த்தார். பேட்டரியைப் பார்த்தார். ஜன்னல்களின் இரும்பு ஷட்டர்களை ஒவ்வொன்றாக இறக்கினார். மத்தியானமே வீட்டுக்குள் இருட்டிவிட்டது. சற்று நேரத்தில் ஃபிரிட்ஜின் முனகல் நின்றது.

"போயிடுச்சு மாமா," என்றார் மாப்பிள்ளை. அழைத்த விருந்தாளி சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டதைப் போல அவர் முகத்தில் சிரிப்பு. "நீங்க குருவியோட நடு அறைக்குப் போங்க. நான் மாடியில ஷட்டரைப் பார்த்துட்டு வரேன்."

நடு அறைக்கு ஜன்னல் கிடையாது. புயல் அங்கே யாரோ தூரத்தில் மூட்டை இழுப்பது போலத்தான் கேட்டது. மூலையில் ஒரு சின்ன விளக்கு. புழுக்கமும் இல்லை, குளிரும் இல்லை. வெதுவெதுப்பாக, போர்வைக்குள் இருப்பது போல இருந்தது. கிழவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். குருவி அவர் மடியில் ஏறிக்கொண்டு கதை சொல்ல ஆரம்பித்தாள்.

"ஒரு யானை இருந்துச்சு தாத்தா. அதுக்கு லாரி ஓட்டணும்னு ஆசை."

"லைசென்ஸ் இருக்கா அதுக்கு?"

"உங்களுக்கு இருந்துச்சா?"

கிழவர் சிரித்தார். சிரித்து முடித்தபோதுதான் அது கேட்டது. அவர் இடுப்பருகே, தரையை ஒட்டிச் சுவரில் இருந்த துவாரத்திலிருந்து ஒரு மெல்லிய விசில். நீளமாக இழுத்தது. கடைசியில் ஒரு தட்டு. பிறகு மறுபடி.

காற்று என்று நினைத்தார். குனிந்து முகர்ந்தார். ஈரச் சிமெண்ட் வாடை. அதற்கு அடியில் பால் வாடை, தூங்கி எழுந்த குழந்தையின் வாய் வாடை. அதற்கும் அடியில் லேசான கசப்பு. எத்தனையோ தடவை மூக்கில் ஏறிய நெபுலைசர் மருந்தின் கசப்பு அது. சட்டைப்பையிலிருந்து தீக்குச்சி எடுத்து உரசித் துவாரத்தின் அருகே பிடித்தார். சுடர் சுவருக்குள் வளைந்தது. ஒரு துடிப்பு துடித்தது. பிறகு அவர் பக்கம் வளைந்தது. உள்ளே. வெளியே. உள்ளே.

குருவி கதையைத் தொடர்ந்தாள். அவள் பேசும்போது சுவரில் விசில் நின்றது. அவள் நிறுத்தியதும் சுவர் இழுத்தது.

கிழவர் புறங்கையைக் குழந்தையின் மூக்குக்குக் கீழே வைத்தார். பழைய வீட்டில் விடிய விடிய வைத்துப் பார்த்த கைதான். ஒன்றும் படவில்லை. கையை அவள் நெஞ்சில் வைத்தார். அசைவில்லை. இதயம் மட்டும் அடித்தது. மெதுவாக.

"கூசுது தாத்தா," என்று அவள் சிரித்தாள்.

அந்தச் சத்தம் நின்றால் போதும் என்று இருந்தது அவருக்கு. வேறு எதையும் அவர் யோசிக்கவில்லை. தோளில் கிடந்த துண்டை உருட்டித் துவாரத்துக்குள் திணித்தார். கட்டைவிரலால் அழுத்தினார்.

"யானை ஏறி உக்காந்துச்சா, ஆனா ஸ்டியரிங் சின்னதா இருந்துச்சு, அதனால அது—"

நின்றுவிட்டாள்.

வாய் திறந்தபடியே இருந்தது. கண்ணும் திறந்தபடி. உதடு மெல்ல நீலமானது.

"குருவி. ஏய், குருவி."

உலுக்கினார். தலை தொய்ந்து ஆடியது. கிழவர் துண்டைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. உள்ளேயிருந்து ஏதோ அதை இழுத்தது. மறுபடி இழுத்தார். விடவில்லை. காலைச் சுவரில் ஊன்றி, பல்லைக் கடித்து, உடம்போடு பின்னால் சாய்ந்தார். துண்டு பிய்த்துக்கொண்டு வந்தது. எச்சிலில் நனைத்தது போல ஈரமாக இருந்தது. சுவர் ஒரு நீண்ட இழுப்பு இழுத்தது.

"—தும்பிக்கையால சுத்துச்சு," என்றாள் குருவி.

அவர் அவளை வாரித் தோளில் போட்டுக்கொண்டார். சமையலறையில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மகள் நின்றிருந்தாள்.

"எங்கப்பா போறீங்க?"

"வெளியே."

"மழை கொட்டுது."

"கொட்டட்டும்."

"வெளியே வேணாம்பா." அவள் குரல் கெஞ்சவில்லை, தாழ்ந்திருந்தது. "அப்பா. வேணாம்."

அவர் கதவைத் திறந்தார். புயல் முகத்தில் அறைந்தது. படியிறங்கி முற்றத்தைக் கடந்தார். கேட்டுக்கு ஓர் எட்டு இருக்கும்போது, கழுத்தைச் சுற்றியிருந்த சின்னக் கை நழுவி விழுந்தது.

குனிந்து பார்த்தார். அதே நீலம். முதுகில் தட்டினார். வாயில் வாய் வைத்து ஊதினார். காகிதப் பைக்குள் போவது போலக் காற்று போனது. அப்படியே திரும்பி வந்தது. இன்னொரு தடவை ஊதினார். இன்னொரு தடவை. நெஞ்சு தானாக எழவில்லை.

"கொடுங்கப்பா. சீக்கிரம்."

மகள் வாசலில் நின்று இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டிருந்தாள். பெற்றவள். குழந்தை சாகிறது. இருந்தும் படியைத் தாண்டவில்லை. கால்விரல்கள் நிலைப்படியின் விளிம்பில் ஒட்டியிருந்தன. அவள் அந்தப் படியைத் தாண்டியதை, இங்கே வந்த நாளிலிருந்து அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. மாப்பிள்ளை தாண்டியதையும் பார்த்ததில்லை.

கிழவர் நின்றார். கையில் குழந்தை கனத்துக்கொண்டே போனது. வேறு வழியில்லை. திரும்பி நடந்து அவளை அந்தக் கைகளில் வைத்தார்.

நிலைப்படியைக் கடந்ததும் குருவி கண் சிமிட்டினாள். "தாத்தா நனைஞ்சுட்டாரு," என்றாள்.

மாப்பிள்ளை மாடியிலிருந்து இறங்கி வந்து அவர்கள் பின்னால் நின்றார். "உள்ளே வாங்க மாமா. முதல்ல எங்களுக்கும் பயமாத்தான் இருந்துச்சு. பழகிடும். இனிமே எது போனாலும் இவளுக்கு ஒண்ணும் ஆகாது. அதுதானே வேணும் நமக்கு?"

கிழவர் மூன்று பேரின் நெஞ்சையும் பார்த்தார். ஈரச் சட்டைக்குள் தன் நெஞ்சு ஏறி இறங்குவது அவருக்குத் தெரிந்தது. அங்கே எதுவும் ஏறவில்லை. இறங்கவில்லை.

"டாக்டரைக் கூட்டிட்டு வரேன்," என்றார். "பார்க்கட்டும். பார்த்துட்டு அவர் சொல்லட்டும். உங்க பேச்சை நான் நம்பறதா இல்லை."

கேட்டைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கினார். முழங்கால் வரை தண்ணீர். நடந்தார்.

பின்னால் காற்றின் இரைச்சல் சட்டென்று மாறியது. திரும்பக் கூடாது என்று நினைத்தும் திரும்பினார். வீட்டின் வெளிச்சுவரில் வரிசையாக இருந்த துவாரங்களை நோக்கி மழை வளைந்து போய்க்கொண்டிருந்தது. காற்று எதிர்த்திசையில் அடித்தும் மழைத்தாரைகள் எல்லாம் சுவருக்குள் இழுபட்டன. வெகுநேரம் இழுத்தது வீடு. பிறகு நிறுத்தியது.

வாசலில் மூன்று வாய்களும், ஏதோ சொல்லப் போவது போல, ஒரே நேரத்தில் திறந்தன.

கிழவர் நடந்தார்.