பார்க்கும் திசை

மந்தைக்குள் நுழையும் முன் நாச்சிமுத்து வேலியோரக் கல்லில் உட்கார்ந்து மனத்தைத் தணித்துக்கொண்டார். நொய்யல்-2 கிரகத்தில் மாடு வைத்திருக்கும் எல்லோரும் காலையில் முதலில் செய்யும் வேலை அதுதான். அவருடைய பிடரியில் பதித்திருந்த ‘மேய்ப்பிழை’ என்ற மெல்லிய இழை அவர் உணர்வதை மாடுகளின் நரம்புக்குக் கடத்தும். அவருக்கு எது ஆபத்தாகத் தோன்றுகிறதோ, அந்தத் திசைக்கு மந்தை முழுவதும் கொம்பைத் திருப்பும். பதற்றத்தோடு உள்ளே போனால் மிரண்டு அவரையே மிதித்துவிடும்.

எழுந்து, குரல் கொடுத்தபடி, பின்பக்கமாக வராமல் மாடுகளின் தோள்பக்கமாகவே நடந்தார். நிறைசினையாக நின்ற செவலையின் வயிற்றைத் தடவினார்.

மான்கள் பெருகிப் புல்வெளியைத் தின்று தீர்க்காமலிருக்கச் சிறுத்தைகளையும் கருவாகக் கொண்டுவந்து இந்தக் கிரகத்துக் காட்டில் வளர்த்திருந்தார்கள். அவற்றைக் கொல்லத் தடை. கொல்லவும் தேவையில்லை, தன்னைப் பார்த்து நிற்கும் மந்தையைச் சிறுத்தை நெருங்காது. அதற்காகத்தான் மேய்ப்பிழை.

அப்படியிருந்தும் நாச்சிமுத்துவின் பட்டியில் மூன்று கன்றுகள் போய்விட்டன. கிழக்கே, வேலிக்கு அந்தப்பக்கம், பங்காளி சென்னியப்பன் பண்ணையில் ஒன்றுகூடப் போகவில்லை. அதே மாடு, அதே புல், அதே மேய்ப்பிழை. இன்னொரு கன்று போனால் மந்தையைச் சென்னியப்பனிடம் ஒப்படைப்பது என்று குடியேற்றச் சபை முடிவு செய்திருந்தது. கன்று போவதைக்கூட அவர் தாங்கிக்கொள்வார். செவலை அவன் கையால் தவிடு தின்பதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

“அவன் என்னமோ பண்றான் பாவாத்தா,” என்றார் மனைவியிடம்.

“நீங்க அந்தப் பக்கம் பாக்கறதை நிறுத்துங்க மொதல்ல,” என்றாள் அவள்.

கால்நடை ஆய்வாளர் ருக்குமணி வந்து, பறக்கும் கருவியை மேலே அனுப்பி, பண்ணையின் படத்தைத் திரையில் காட்டினாள். நாச்சிமுத்துவின் மாடுகள் எல்லாம் ஒரே வரிசையாகக் கிழக்கே பார்த்து நின்றன. மேற்கே இருந்த காட்டுக்கு வால்களைக் காட்டிக்கொண்டு.

“மேய்ப்பிழை சரியாத்தானுங்க வேலை செய்யுது. உங்களுக்குப் பெரிய ஆபத்து எதுவோ அதைப் பாத்து நிக்குது.”

“அங்க என்னம்மிணி இருக்குது?”

“உங்க பங்காளி வூடுங்க.”

நாச்சிமுத்து திரையை நோக்கிக் குனிந்து, “அவன் மாடு எங்க பாக்குது?” என்றார்.

அவள் படத்தை நகர்த்தினாள். சென்னியப்பனின் மாடுகள் மேற்கே பார்த்து நின்றன.

“பாத்தீங்களா? காட்டைப் பாத்து நிக்குது. கெட்டிக்காரன்,” என்றார் நாச்சிமுத்து.

“காட்டை இல்லீங்க. உங்க வூட்டை. காடு அதுக்குப் பின்னால இருக்கறதால அவரு கன்னு தப்பிச்சுது.”

“என்னைப் பாத்தா அவனுக்குப் பொறாமை?” நாச்சிமுத்துவின் முகம் மலர்ந்தது. திரையின் ஓரத்தில் தெரிந்த அவருடைய மாடுகள் தலையைத் தாழ்த்தி மேய ஆரம்பித்தன. ஆனால் அது நீடிக்கவில்லை. அவர் முகம் மெல்ல இறுகியது. “பொறாமைப்படறதுலயும் அவனுக்குத்தான் லாபம், பாருங்க.”

நூறு தலைகளும் மறுபடி கிழக்கே நிமிர்ந்தன.

அதன்பின் அவர் தினமும் மேற்குப் பார்த்து உட்கார்ந்து காட்டுக்குப் பயப்பட முயன்றார். சிறுத்தையின் பல்லை நினைத்துக்கொண்டார். போன கன்றுகளை நினைத்துக்கொண்டார். மாடுகள் கொஞ்சம் அசைந்தன. சென்னியப்பன் வீட்டில் யாரோ சிரித்தார்கள். மாடுகள் கிழக்கே திரும்பிவிட்டன.

செவலை கன்று போடும் நாள் நெருங்கியது. ருக்குமணி சபையில் பேசிவிட்டு, கட்டுமான இயந்திரங்களோடு வந்தாள். நாச்சிமுத்துவின் நிலத்துக்கும் காட்டுக்கும் இடையே ஒரு வீடு எழும்பியது. வெறும் கூடு, உள்ளே குடிவைக்க யாரும் இல்லை. அதை ஒளிக்காமல் அவரிடமே சொன்னாள். வாசலில் தேக்குநிறக் கதவு, மேலே இரண்டு மாடி, சாயங்காலமானால் தானாக எரியும் விளக்குகள்.

செவலை கிடாரிக்கன்று போட்டது. அந்தச் சாயங்காலமே சிறுத்தை காட்டோரம் வந்து, புல்லுக்குள் வயிற்றை அழுத்திப் படுத்துப் பார்த்தது. எதிரே நூறு மாடுகள் அசையாமல் அதன் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தன. சற்றுநேரம் கழித்து அது எழுந்து திரும்பிப் போனது.

நாச்சிமுத்து அதைக் கவனிக்கவில்லை. அவர் கண் மேல்மாடி விளக்கில் இருந்தது. பாவாத்தாள் சீம்பாலைக் கொண்டுவந்து நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

“கன்னு நல்லா இருக்குது. இன்னும் அங்க என்னத்தைப் பாத்துட்டு நிக்கறீங்க? அங்கதான் ஆருமே இல்லீங்களே.”

“அதைத்தான் நானும் கேக்கறேன்,” என்றார் அவர், பல்லைக் கடித்துக்கொண்டு. “ஆருமே இல்லாதவனுக்கு எதுக்குடி ரெண்டு மாடி?”