சில்லில் ஒரு நட்சத்திரம்

றெபேக்காவின் அம்மா நிமலினி கேக் செய்வதில் பெயர் எடுத்தவர். உடுவிலில் அவர்கள் வீட்டைக் கடந்து போகிறவர்கள், வாசனையைப் பிடித்தே இன்றைக்கு என்ன கேக் என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்தச் சனிக்கிழமை அவர் செய்து முடித்ததைப் போல ஒன்றை அந்தத் தெருவில் யாரும் கண்டதில்லை.

அது ஒரு படகு.

தொண்டைமானாற்றில் மீன்பிடிக்கும் கதிரவேலுவின் மகளுக்கு அன்று ஒரு வயது. தன் படகைப் போலவே கேக் வேண்டும் என்று அவர் கேட்டிருந்தார். வெள்ளைப் படகு, அதைச் சுற்றி நீல ஐசிங்கில் அலைகள், முன்பக்கத்தில் 'ஆரணி' என்று குழந்தையின் பெயர்.

நாலு மணிக்குக் கேக் வெட்டு. அம்மா இரண்டு மணிக்கே பழைய ஜப்பான் வான் வண்டியை வெளியில் எடுத்தார். முன்னிருக்கையில் பதினொரு வயது றெபேக்கா. பின்னிருக்கையில் கேக் பெட்டி. அதை இரண்டு கைகளாலும் பிடித்தபடி ஆறு வயதுத் தம்பி றோகான்.

"தம்பி, நீ மூச்சு விடலாம்," என்றார் அம்மா. "மூச்சு விட்டால் கேக் ஆடாது."

"கொஞ்சம் ஆடுது," என்றான் றோகான்.

புன்னாலைக்கட்டுவனைத் தாண்டியதும் இருபக்கமும் சிவப்பு மண் தோட்டங்கள். வெங்காயத் தாள்கள் பச்சைப் பசேலென்று நின்றன. திடீரென வான் இடப்பக்கம் இழுத்தது. அம்மா மெதுவாக ஓரம் கட்டினார். முன் இடச்சில்லின் ரயர் காற்றுப் போய் நிலத்தோடு சப்பளிந்து கிடந்தது.

அம்மா அதுவரை ஒருமுறைகூடச் சில்லு மாற்றியதில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சில்லைப் பார்த்தார். பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார்.

தோட்டத்துக்குள் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த ஒருவர் பம்பை நிறுத்திவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டியபடி ஓடிவந்தார்.

"என்ன தங்கச்சி, காத்துப் போட்டுதோ?"

"ஓம் அண்ணை. நாலு மணிக்குத் தொண்டைமானாற்றிலை நிக்கவேணும்."

"அதுக்கென்ன, பத்து நிமிச வேலை. என்ரை பேர் முருகேசு. ஜக்கை எடுங்கோ."

வானை உயர்த்தும்போது உள்ளே ஒன்றும் இருக்கக்கூடாது என்பதால் கேக் பெட்டியைப் பூவரச நிழலில் இறக்கி வைத்தார்கள். எறும்பு வராமல் பார்க்கும் வேலை றோகானுக்கு. அவன் பெட்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தான்.

முருகேசு நட்டுகளைக் கழற்றி, சில்லை இழுத்து எடுத்தார். றெபேக்கா குனிந்து உள்ளே பார்த்தாள்.

அங்கே பெரிதாக எதுவும் இல்லை. வட்டமான ஓர் இரும்புத் தட்டு. அதிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கும் ஐந்து தண்டுகள். ஒவ்வொன்றும் அவளுடைய பெருவிரல் தடிப்புத்தான். கழற்றிய நட்டு ஒன்றை உள்ளங்கையில் எடுத்து வைத்தாள். வெயிலில் சுட்டது. கையை மூடினால் மறைந்துபோகும் அளவு.

"மாமா, இவ்வளவுதானா?"

"எது பிள்ளை?"

"சில்லைப் பிடிச்சுக்கொண்டிருக்கிறது இந்த ஐந்து நட்டும் மட்டும்தானா?"

"ஓம். வேறை என்ன?" முருகேசு சிரித்தார்.

றெபேக்கா சிரிக்கவில்லை. எத்தனை முறை இந்த வானில் போயிருக்கிறார்கள். மழையில், பள்ளத்தில், பண்டத்தரிப்பில் பெரியம்மா வீட்டுக்குப் பத்துப் பேர் நெருக்கியடித்துக்கொண்டு. அத்தனை பாரத்தையும் சுமந்து ஓடிய சில்லு கழன்று போகாமல் பிடித்து வைத்திருந்தது, கைக்குள் மறைகிற இந்த இரும்புத் துண்டுகளா? அவள் நட்டை விழுந்துவிடாமல் இரண்டு கைகளாலும் நீட்டினாள்.

முருகேசு வானின் பின்னால் கிடந்த மாற்றுச் சில்லைப் பூட்டினார். மேலே இருந்த நட்டைப் பலம் கொண்ட மட்டும் இறுக்கினார். பிறகு அதற்குப் பக்கத்து நட்டு, அதற்கும் பக்கத்து நட்டு என்று வட்டமாக வந்தார். சில்லு நிலத்தில் படாமல் தூக்கியபடி இருந்ததால், கடைசி இரண்டையும் இறுக்கும்போது சில்லும் சேர்ந்து சுற்றியது.

"சுத்துது. இனி இறுகாது. காணும்," என்று ஜக்கை இறக்கினார். "அடுத்த பாத்திக்குத் தண்ணி மாறவேணும் தங்கச்சி, நான் வாறன்." அம்மா நன்றி சொல்லி முடிப்பதற்குள் அவர் மறுபடி வெங்காயத்துக்குள் நின்றார்.

வான் கிளம்பியது. அச்சுவேலியைத் தாண்டினார்கள். அப்போதுதான் றெபேக்காவுக்கு அந்தச் சத்தம் கேட்டது. டிக். டிக். டிக். வேகம் கூடினால் சத்தமும் வேகமாக வந்தது. வேகம் குறைந்தால் அதுவும் குறைந்தது.

"அம்மா, கேக்குதா?"

"கேக்குக்கு என்ன?" அம்மா திடுக்கிட்டுத் திரும்பினார்.

"கேக்கு நல்லாத்தான் இருக்கு," என்றான் றோகான் பின்னாலிருந்து.

"கேக் இல்லை அம்மா. சத்தம் கேக்குதா எண்டு கேட்டனான்."

அம்மா சற்றுக் காது கொடுத்தார். "ரயரிலை கல்லுக் கொழுவியிருக்கும். பாலம் தாண்டினால் கதிரவேலுவின்ரை வீடு வந்திடும். மூண்டேகால் ஆகுது."

தூரத்தில் தொண்டைமானாற்று நீரேரி பளபளத்தது. றெபேக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, வெறும் பாதத்தைக் கீழே ஊன்றினாள். தரை நடுங்கியது. சத்தம் வரும்போதெல்லாம் ஒரு நடுக்கம்.

"அம்மா, நிப்பாட்டுங்கோ."

"பிந்திப்போகும் பிள்ளை."

"பிந்தினால் என்னைப் பேசுங்கோ. இப்ப நிப்பாட்டுங்கோ."

றெபேக்கா இப்படிக் கதைக்கிறவள் அல்ல. அம்மா அவள் முகத்தைப் பார்த்தார். பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் வானை நிறுத்தினார்.

றெபேக்கா இறங்கி, முன் சில்லுக்கு எதிரே குந்தினாள். ஒரு நட்டைத் தொட்டாள். அது சுழன்றது. ஸ்பனர் இல்லாமல், அவளுடைய இரண்டு விரல்களுக்கு, போத்தல் மூடி போலச் சுழன்றது. பக்கத்து நட்டும் அப்படியே.

அம்மாவும் குனிந்து அவற்றைத் திருகிப் பார்த்தார். வானில் கையை ஊன்றிக்கொண்டு, எதிரே நீண்டு கிடந்த பாலத்தையும் அதன் இருபக்கத்துத் தண்ணீரையும் பார்த்தார்.

"நடுப்பாலத்திலை..." என்று தொடங்கினார். 

பிறகு ஸ்பனரை எடுத்து வந்தார்.

"பொறுங்கோ அம்மா," என்றாள் றெபேக்கா. "அந்த ஜப்பான் புத்தகத்தை ஒருக்காப் பாப்பம்."

வானோடு வந்த புத்தகம் அது. டாஷ்போட் பெட்டிக்குள் கிடந்தது. வீட்டில் யாருக்கும் அதில் ஓர் எழுத்துக்கூட வாசிக்கத் தெரியாது. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் படங்கள் இருந்தன. றெபேக்கா சில்லுப் படம் வரும்வரை புரட்டினாள்.

படத்தில் ஐந்து நட்டுகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம். ஆனால் இலக்கங்கள் வட்டமாகப் போகவில்லை. ஒன்று மேலே. இரண்டு கீழே, ஒரு பக்கமாய். மூன்று எதிர்ப்பக்கம், மேலே. அவள் ஒன்றில் விரலை வைத்து, இரண்டுக்கு இழுத்தாள். மூன்றுக்கு, நான்குக்கு, ஐந்துக்கு, மறுபடி ஒன்றுக்கு.

விரல் தாளில் இருந்து எழும்பவேயில்லை.

"அம்மா," என்றாள் மெதுவாக. "நட்சத்திரம்."

அம்மாவும் விரலால் போய்ப் பார்த்தார். நட்சத்திரமேதான்.

"ஏன் இப்பிடிப் பாய்ஞ்சு பாய்ஞ்சு இறுக்கச் சொல்லுறாங்கள்?"

றெபேக்கா யோசித்தாள். "கேக் பெட்டியின்ரை மூடியை ஒரு மூலையிலை மட்டும் அமத்தினால் மற்ற மூலை எழும்புமெல்லோ? அப்பிடித்தான் போல. ஒரு பக்கத்தை முதலே முழுக்க இறுக்கினால் சில்லு சரிஞ்சு நிக்கும். பிறகு ஓட ஓட இளகிப்போகும்."

ஆயிரம் கேக் பெட்டி மூடிய அம்மாவுக்கு அது உடனே விளங்கியது.

அடுத்த படத்தில் சில்லு நிலத்தில் நின்றது. அப்போதுதான் ஸ்பனரை அழுத்துகிறார்கள். அதற்கும் அடுத்ததில் ஒருவன் ஸ்பனரின் மேல் ஏறி நிற்க, அவன் மேல் 'கூடாது' என்று பெரிய சிவப்புப் புள்ளடி. ஏறிக் குதிப்பதற்கென்றே காத்திருந்த றோகானின் முகம் வாடியது. அவனைக் கேக்குக்குக் காவலாகக் காற்றுப்படாத ஓர் இடத்தில் இருத்தினார்கள். இந்த முறை எறும்புக்குப் பதிலாகக் காகம்.

அம்மா ஐந்து நட்டுகளையும் இளக்கிவிட்டு, வானை ஜக்கில் உயர்த்தினார். றெபேக்கா சில்லை நேராகத் தள்ளிப் பிடித்தாள். நட்டுகளை முதலில் கையால் மட்டும், நட்சத்திரம் போன வழியே திருகினார்கள். மெல்லிய ஒரு 'கிளிக்'. சில்லு தட்டோடு போய் ஒட்டி உட்கார்ந்தது. அதன் பிறகே வானை இறக்கி ஸ்பனரைப் போட்டார்கள்.

ஒன்று. அம்மாவின் கையின் மேல் றெபேக்காவின் கை. இருவரும் சேர்ந்து அழுத்தினார்கள். இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து.

"முடிஞ்சுது," என்றார் அம்மா.

"இன்னொரு சுற்று," என்றாள் றெபேக்கா.

அசையவே அசையாது என்று நினைத்த முதலாம் நட்டு, கால் சுற்று நகர்ந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாம் சுற்றில் எதுவும் நகரவில்லை.

வான் பாலத்தில் ஏறியது. இருபுறமும் நீரேரி வானத்தின் விளிம்புவரை விரிந்திருந்தது. ஆழமில்லாத இடத்தில் நூற்றுக்கணக்கான பறவைகள் ஒற்றைக் காலில் நின்றன. உப்புக் காற்று ஜன்னலால் வந்து முகத்தில் அடித்தது. எவ்வளவு பெரிய தண்ணீர், எவ்வளவு பெரிய வானம். ஆனால் றெபேக்காவின் உடல் சிலிர்த்தது காலுக்குக் கீழே சுழன்றுகொண்டிருந்த ஐந்து நட்டுகளை நினைத்துத்தான். சத்தமே இல்லை. தரையில் நடுக்கமும் இல்லை.

நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் படகு கதிரவேலு வீட்டு மேசையில் ஏறியது. அவர் அதைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, "எஞ்சினும் இருக்கோ?" என்று கேட்டார். குழந்தை ஆரணி ஒருவருக்காகவும் காத்திருக்கவில்லை. முழங்கைவரை நீல அலைக்குள் கையை விட்டுவிட்டாள்.

எல்லோரும் கைதட்டிச் சிரிக்கும்போது றெபேக்கா வெளியில் போய், ஸ்பனரை எடுத்து நட்டுகளைப் பார்த்தாள். கொஞ்சத் தூரம் ஓடியபின் திரும்பவும் பார்க்கவேண்டும் என்று புத்தகத்தின் கடைசிப் படத்தில் இருந்தது. ஒரே ஒரு நட்டு நெல்மணியளவு நகர்ந்தது. மற்ற நாலும் மலை போல நின்றன.

திரும்பி வரும் வழியில் அவள் ஜப்பான் புத்தகத்தை மடியில் விரித்து வைத்திருந்தாள். பிறகு, "முருகேசு மாமாவுக்குச் சொல்லவேணும்," என்றாள்.

அம்மா தயங்கினார். "தன்ரை வேலையை விட்டிட்டு ஓடிவந்த மனுசன். பிழை எண்டு சொன்னால் மனம் நோகும்."

"பிழை எண்டு சொல்லவேண்டாம். படத்தைக் காட்டுவம்."

வெயில் சாய்ந்திருந்தது. முருகேசு தோட்டத்து வாசலில் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பின்னால் பூட்டிய இழுவைப் பெட்டியில் வெங்காய மூட்டைகளை ஏற்றிக்கொண்டு நின்றார். கதிரவேலு வீட்டில் கொடுத்துவிட்ட கேக் துண்டை அம்மா அவரிடம் நீட்டினார். றெபேக்கா புத்தகத்தை விரித்துப் பிடித்தாள்.

"மாமா, இதிலை ஒரு வடிவான படம் இருக்கு. ஒண்டிலையிருந்து விரலாலை போய்ப் பாருங்கோ."

முருகேசு கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு விரலை வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று. பாதி நட்சத்திரத்தில் விரல் நின்றுவிட்டது. அவர் வானின் சில்லைப் பார்த்தார்.

"நான் வட்டமா எல்லோ இறுக்கினனான்."

"ஓம் மாமா. இரண்டு நட்டு இளகிப்போச்சுது. நாங்கள் பாலத்துக்கு முன்னமே கண்டிட்டம். இப்ப ஒரு பிரச்சினையும் இல்லை."

"எவ்வளவு இளகினது?"

பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. இரண்டு விரல்களைக் காட்டி, காற்றில் திருகிக் காட்டினாள்.

முருகேசு வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் தலை நிமிர்ந்தபோது, பார்வை தன் பெட்டியின் சில்லில் நின்றது.

"போன கிழமை உந்தச் சில்லையும் நான்தான் மாத்தினனான்," என்றார். "இண்டைக்கு மாதிரியே."

"பாப்பமா மாமா?"

"உதிலை நாலு நட்டு பிள்ளை. நட்சத்திரம் வராதே."

றெபேக்கா ஒரு தடியால் சிவப்பு மண்ணில் நாலு புள்ளி குத்தினாள். மேலிருந்து கீழே ஒரு கோடு. பக்கத்திலிருந்து பக்கம் ஒரு கோடு. "எதிருக்கு எதிர். சிலுவை மாதிரி."

முருகேசு பாரத்தை இறக்கிவிட்டு ஸ்பனரைப் போட்டார். முதலாம் நட்டு அரைச் சுற்றுச் சுற்றியது. அவர் நிறுத்தி, நெற்றியைத் துடைத்தார்.

"நாளைக்கு விடியச் சந்தைக்குப் போகேக்கை இந்த மூட்டைகளுக்கு மேலைதான் என்ரை மனுசியும் மகனும் இருந்து வருவினம்," என்றார்.  நாலு நட்டையும் எதிருக்கு எதிராக, எதுவும் அசையாமல் வரும்வரை இறுக்கினார். மற்றப் பக்கச் சில்லையும் அப்படியே.

பின்னர் தோட்டத்துக்குப் பக்கத்திலிருந்த தன் வீட்டுக்குள் போய் வெள்ளைப் பெயின்ற் டப்பாவும் தூரிகையும் கொண்டு வந்து றெபேக்காவிடம் கொடுத்தார். "நான் மறக்கிற ஆள். நீயே இலக்கம் போட்டு விடு பிள்ளை."

அவள் ஒவ்வொரு நட்டுக்கும் பக்கத்தில் கவனமாக எழுதினாள். றோகான் டப்பாவைப் பிடித்தான். இந்த முறை மூச்சு விட்டபடியே.

முருகேசு லான்ட்மாஸ்டரை இயக்கி, தோட்டத்தை ஒட்டிய குறுகிய ஒழுங்கையில் மெதுவாக ஓட்டிப் பார்த்தார். ஒன்று, மூன்று, இரண்டு, நான்கு என்று இலக்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே வந்து கீழே போயின. வேகம் கூடியதும் அவை ஒன்றோடொன்று கலந்து, சிவப்புப் புழுதிக்குள் ஒரே வெள்ளை வளையமாகச் சுழன்றன. றெபேக்கா கண் இமைக்காமல் பார்த்தாள்.

ஒழுங்கையின் முடிவில் அவர் நிறுத்தி, இறங்கி, ஸ்பனரோடு சில்லுக்குப் பக்கத்தில் குந்தினார். ஒவ்வொரு நட்டாக அழுத்திப் பார்த்தார்.

பிறகு எழுந்து, தூரத்தில் நின்றபடியே கையை உயர்த்தி ஆட்டினார். ஒரு நட்டும் அசையவில்லை.