பின்வரிசையில் பத்தாவது ஆள்

கல்யாணப் போட்டோவின் பின்வரிசையில் ஒன்பது பேர்தான் நின்றார்கள். ஆறுமுகநயினாருக்கு அதில் சந்தேகமே கிடையாது. கடைசியில் நிற்கும் மைத்துனன் கண்ணை இறுக மூடியிருப்பதைச் சொல்லிச் சொல்லிப் பதினோரு வருஷமாக அவனை ஓட்டிக்கொண்டிருப்பவன் அவன். இப்போது மைத்துனனுக்குப் பக்கத்தில் பத்தாவதாக ஒரு ஆள் நின்றான். கட்டம் போட்ட சட்டை, ஒட்ட வெட்டிய முடி. எல்லோரும் கேமராவைப் பார்த்திருக்க, அந்த ஆள் மட்டும் மணப்பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

காலை மணி பத்தே கால். வெளியே கர்க்கடகத்து மழை, நம்ம ஆடி மாச மழை, சன்ஷேடில் விடாமல் அடித்தது, அதற்கு அப்பால் திருவனந்தபுரத்துக் கழக்கூட்டம் பைபாஸின் ஹாரன் சத்தம். நயினாருக்கு இன்று வீட்டிலிருந்து வேலை. மனைவி பாகீரதி தம்பானூரில் இருக்கும் தன் வங்கிக்குப் போய்விட்டாள். இரண்டாம் வகுப்பு மகள் ஸ்ரீலக்ஷ்மி, வீட்டில் லச்சு, எட்டு மணிக்கே ஸ்கூல் வேனில் ஏறிவிட்டாள். மூன்றாவது மாடி ஃபிளாட்டில் அவனும், டி.வி.க்கு அடியில் முனகிக்கொண்டிருந்த கறுப்புப் பெட்டியும்தான்.

அந்தப் பெட்டி அவனுடைய பெருமை. உள்ளே நான்கு ஹார்டு டிஸ்க். கல்யாணத்திலிருந்து போன வாரம் லச்சு முன்பல் விழுந்த வாயோடு சிரித்தது வரை மொத்தக் குடும்பமும் அதற்குள்தான். பாகீரதியின் போனிலும், திருநெல்வேலியில் அப்பா அம்மா வீட்டு டி.வி.யிலும் படங்கள் இந்தப் பெட்டியிலிருந்துதான் வரும். நாலு டிஸ்க்கும் ஒண்ணுக்கொண்ணு ஜாமீன், ஒண்ணு செத்தா மத்த மூணும் அதைத் திரும்ப எழுதிரும் என்று ஆபீஸெல்லாம் பீற்றிக்கொண்டவன், வேறு காப்பு எதுவும் வைத்துக்கொள்ளவில்லை.

நேற்றுச் சாயங்காலம் மூன்றாவது டிஸ்க் செத்தது. நகத்தால் கதவைத் தட்டுகிற மாதிரி டக், டக் என்று ஒரு சத்தம், ஆரஞ்சு விளக்கு, பிறகு நீளமாக ஒரு பீப். சோதித்துப் பார்த்தால் இரண்டாவது டிஸ்க்கிலும் பழுது பரவிக்கொண்டிருந்தது. இரண்டு போனால் ஜாமீனும் கிடையாது, மண்ணும் கிடையாது. லச்சு பிறந்த நாளின் ஒரு படம்கூட மிஞ்சாது. புது டிஸ்க் வர ஆறு நாள் ஆகும் என்று கடையில் சொல்லிவிட்டார்கள்.

வீடுகளுக்குக் காவல் கேமரா மாட்டுகிற பிரஜின்தான் கைகொடுத்தான். எங்கோ கழற்றிய பழைய டிஸ்க் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். முழுதாக அழித்துவிட்டுத்தான் செருக வேண்டும், அதற்கு எட்டு மணி நேரமாகும். எப்படியும் மேலேதானே எழுதப்போகிறது என்று நயினார் அழிக்காமலே இன்று காலை ஒன்பது மணிக்குச் செருகிவிட்டான். பெட்டி உடனே திரும்ப எழுதும் வேலையைத் தொடங்கிவிட்டது. நான்கு மணிக்கு முடியும் என்று லேப்டாப் காட்டியது. எல்லாம் சரியாக வருகிறதா என்று பார்க்கத்தான் இருப்பதிலேயே பழைய படத்தைத் திறந்தான்.

பாகீரதிக்குப் போன் போட்டான்.

"பாகி, நம்ம கல்யாண போட்டோல உன் தம்பி பக்கத்துல ஒருத்தர் நிக்காரே, கட்டம் போட்ட சட்டை, யாரு அது?"

"இதுக்கா போன் போட்டீங்க? கவுண்டர்ல ஆள் நிக்கு." அவள் சிரித்தாள். "உங்க சைடு ஆளாத்தான் இருக்கும். பந்திக்கு மட்டும் வந்தவங்க பூரா உங்க ஆளுங்கதான?"

அந்தச் சிரிப்பு அவனுக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது. ஆபீஸ் மீட்டிங் ஒன்றை முடித்து, காப்பி போட்டுக் குடித்துவிட்டுத்தான் மறுபடி லேப்டாப்பைத் தொட்டான். முப்பத்தெட்டு சதவீதம் எழுதி முடித்திருந்தது.

குற்றாலத்தில் அவனே கையை நீட்டி எடுத்த படம். அவனும் பாகீரதியும், பின்னால் அருவி. அருவியில் அந்த ஆள் நனைந்துகொண்டிருந்தான். கட்டம் போட்ட சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. நயினாரின் முகம் மட்டும் சதுரம் சதுரமாக உடைந்து கிடந்தது. கையை நீட்டி எடுத்த படம்தான், ஆனால் இப்போது யாரோ உச்சியிலிருந்து குனிந்து எடுத்த மாதிரி எல்லோருடைய தலையும் பெரிதாகவும் கால்கள் சிறிதாகவும் தெரிந்தன. வலது பக்கக் கீழ்மூலையில் காவல் கேமரா படங்களில் வருவதுபோல வெள்ளை எழுத்தில் தேதி, மணி, நொடி.

பழைய டிஸ்க்கின் குப்பை கலந்துவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆனால் பதினைந்து வருஷம் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டியவனுக்குக் குப்பை எப்படி வரும் என்று தெரியும். பச்சைக் கோடாக வரும், உடைந்த கட்டமாக வரும். குப்பை அருவியில் நனையாது.

பிரஜினை அழைத்தான்.

"அது எந்த வீட்டு டிஸ்க்குடே?"

"விழிஞ்ஞம் பக்கம் ஒரு வீடாக்கும் சேட்டா. ரோட்டுக்காக இடிச்சாச்சு. கேமராவ மட்டும் நான் கழத்திட்டு வந்தேன்."

"வீட்டுக்காரங்க?"

"ஒத்த ஆளு. பெண்டாட்டி பிள்ளை ஒண்ணும் இல்ல. இடிக்க வந்த அன்னைக்கு வெளிய வரமாட்டேன்னு கதவப் பூட்டிட்டு உள்ள இருந்துச்சு. உடைச்சுப் போய்ப் பாத்தா ஆள் இல்ல. எங்க போச்சோ, அறியில்ல." கொஞ்சம் தயங்கினான். "சேட்டா, அழிச்சிட்டுத்தான போட்டது?"

"ஆமா," என்று நயினார் பொய் சொன்னான். "ஏன் கேக்க?"

"கேமரா டிஸ்க்காக்கும், அதான். இடம் நிறைஞ்சா நிக்காது. இருக்கதுல பழசப் பிடிச்சு அதுக்கு மேல எழுதும். பின்ன அதுக்கு அடுத்தது. அப்படியே எழுதி எழுதி இன்னைக்குத் தேதி வரை வந்துரும்."

போனை வைத்த பிறகு நயினார் விரல்விட்டு எண்ணினான். கல்யாணம், குற்றாலம், அதற்கு அடுத்தது. அடுத்தது என்ன என்று அவனுக்குத் தெரியும். திறக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே திறந்தான்.

ஆஸ்பத்திரி அறை. பச்சைத் துணியில் சுற்றிய சிவந்த முகம். லச்சு பிறந்து நாற்பது நிமிஷத்தில் பாகீரதியின் தம்பி எடுத்த படம். குழந்தையைக் கையில் வைத்திருந்தது அந்த ஆள். அவன் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். நயினார் ஜன்னல் ஓரத்தில் மங்கலாக, வந்த விருந்தாளி மாதிரி நின்றான். அடுத்த படத்தில் ஜன்னல் மட்டும் இருந்தது.

இல்லை. நான்தான் வாங்கினேன். நர்ஸ் என்னிடம்தான் கொடுத்தாள். எந்தக் கையில் தலையைத் தாங்கினேன்? இடது கையா? அழுதேனா? நயினார் கண்ணை மூடி யோசித்தான். டெட்டால் வாசனை வந்தது, மழை வாசனை வந்தது, குழந்தையின் கனம் மட்டும் கைக்கு வரவில்லை.

பெட்டியின் முன் மண்டியிட்டு மூன்றாவது டிஸ்க்கின் தாழ்ப்பாளில் விரலை வைத்தான். அப்போதுதான் இரண்டாவதின் விளக்கும் ஆரஞ்சுக்கு மாறியதைக் கவனித்தான். இப்போது இதை உருவினால் பெட்டியே செத்துவிடும். லச்சு தவழ்ந்தது, நடந்தது, முதல்முறை அப்பா என்று சொன்னது எல்லாம் போய்விடும். எடுத்தால் லச்சு இல்லை. விட்டால் லச்சுவின் அப்பா இல்லை. விரலை எடுக்கவும் முடியாமல் அழுத்தவும் முடியாமல் எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தான் என்று தெரியவில்லை. லச்சுவின் படங்களாவது மிஞ்சட்டும் என்ற அந்த ஆசைதான் அவனைப் பிடித்து வைத்தது.

எழுந்தபோது இரண்டரை மணி. எழுபத்தொன்பது சதவீதம். பாகீரதியின் குரலைக் கேட்டால் போதும் என்றிருந்தது.

"ஹலோ, ஆராணு?"

தெரியாத நம்பர் என்றால் பாகீரதி மலையாளத்தில் தொடங்குவாள், இந்த ஊரில் வழக்கம் அது. அவனிடம் பதினோரு வருஷத்தில் ஒருமுறைகூட அப்படித் தொடங்கியதில்லை.

"நாந்தான் பாகி."

அவள் தமிழில், ஆனால் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவரிடம் பேசும் மரியாதையோடு கேட்டாள். "யாருங்க பேசுறது? எம் பேரு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஆறுமுகநயினார். பாகி, விளையாடாத."

"ராங் நம்பர்னு தோணுது. இனி கூப்பிடாதீங்க, எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிருவேன்."

மறுபடி அழைத்தான். எடுக்கவில்லை. மறுபடி. போன் திரையில் அவள் பெயருக்கு மேலே அந்தச் சின்ன வட்டத்தில் மூன்று பேர் சிரித்தார்கள். பாகீரதி, லச்சு, கட்டம் போட்ட சட்டை.

எண்பத்தெட்டு.

திருநெல்வேலிக்கு அழைத்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

தொண்ணூற்று மூன்று.

ஹாலில் மழை இருட்டு. லைட் போடத் தோன்றவில்லை. சுவரில் லச்சுவின் முதல் பிறந்தநாள் போட்டோ மாட்டியிருந்தது. அது காகிதம். அதற்கும் இந்தப் பெட்டிக்கும் சம்பந்தமே இல்லை. நயினார் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

தொண்ணூற்றாறு.

லச்சுவின் வேன் வருகிற நேரம். வீட்டில் இருக்கிற நாளில் அவன்தான் கேட்டுக்குப் போய் நிற்பான். போக வேண்டும். இதை நிறுத்திவிட்டுப் போக வேண்டும். போகட்டும். படமெல்லாம் போகட்டும். பிள்ளை போதும்.

பிளக்கைப் பிடுங்கினான். பெட்டிக்கு மின்சாரம் கொடுக்கும் யு.பி.எஸ். பேட்டரி கீச்சிட்டது. பெட்டி நிற்கவில்லை. தொண்ணூற்றேழு. தாழ்ப்பாளை அழுத்தினான். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தான். வந்துவிட்டது.

டிஸ்க் கையில் சுட்டது, காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி. பெட்டியின் முனகல் மெல்ல அடங்கியது. யு.பி.எஸ்.ஸையும் அணைத்தான். மழைச் சத்தம் மட்டும். நயினார் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். மூன்று சதவீதம் மிச்சம். அவ்வளவு போதும். இந்த வருஷத்து நினைவு கொஞ்சமாவது மிஞ்சும். அதில் நான் இருப்பேன். அவன் சத்தமாக அழுதான்.

வெளியே லிஃப்ட் கதவு திறக்கும் சத்தம். லச்சுவின் ஷூ. அவள்தான். தனியாக மேலே வந்துவிட்டாளா? அவன் எழுந்தான்.

சாவி போட்டுக் கதவு திறந்தது.

முதலில் நனைந்த குடை. பிறகு லச்சு. அவளுடைய பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பின்னால், கட்டம் போட்ட சட்டை.

லச்சு நயினாரைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

"அப்பா," என்றாள், திரும்பாமல். "அந்த ஆளு இன்னும் போகல்ல."

"எங்க மக்களே?"

"அங்கன. டி.வி. பக்கத்துல. கையில என்னமோ வச்சிருக்கு."

"லச்சு," என்றான் நயினார். "லச்சு, நாந்தாம்மா. அப்பா."

அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அந்த ஆளின் காலுக்குப் பின்னால் ஒளிந்தாள்.

"பயப்படாத மக்களே," என்றான் அந்த ஆள். குரலில் நல்ல பாசம் இருந்தது. "கொஞ்சந்தான் பாக்கி. இப்பப் போயிரும்."

குடையை மடக்கி மூலையில் சாய்த்தான். பையை இறக்கி வைத்தான். அவசரமே இல்லாமல் நடந்து வந்து நயினாரின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினான். நயினாருக்கு விரலில் பலம் இல்லை. டிஸ்க் உள்ளே போனது. தாழ்ப்பாள் விழுந்தது. பிளக்கைச் சொருகி யு.பி.எஸ்.ஸைப் போட்டான். பெட்டி முனக ஆரம்பித்தது.

தொண்ணூற்றெட்டு.

லச்சு காலின் மறைவிலிருந்து எட்டி நயினாரின் முகத்தையே பார்த்தாள். உதடு நடுங்கியது. நயினார் மண்டியிட்டு அவளைப் பார்த்துக் கையை நீட்டினான்.

தொண்ணூற்றொன்பது.

அவள் உதடு நடுங்குவது நின்றது. முகம் தெளிந்தது. கண்ணை அவள் திருப்பவேயில்லை. நேராக அவனைப் பார்த்திருந்த பார்வை அவனைத் தாண்டி, பின்னாலிருந்த சுவரில் போய் நின்றது.

"ஆமாப்பா," என்றாள் லச்சு. "போயிருச்சு."