மூன்று விளக்கு

கூப்பிட்ட முதல் குரலுக்கே தாரணி வந்து நின்றாள். அதுதான் முருகானந்தத்துக்கு உறுத்தியது.

எட்டு வயதுப் பிள்ளை. விளையாட உட்கார்ந்தால் போனைப் பிடுங்க ஓர் ஆள், அழுகையை அடக்க இன்னோர் ஆள் வேண்டும். இன்று அவளாகவே பழைய போனை அவன் மடியில் வைத்தாள், பாலை மடமடவென்று குடித்தாள், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். வேறு தகப்பனென்றால் சந்தோஷப்பட்டிருப்பான். முருகானந்தம் பூண்டு வியாபாரி. கேட்டதற்கு மேல் ஒருவன் கொடுத்தால், சரக்கை இன்னொரு தரம் பார்க்கத் தெரிந்தவன்.

வெளியே பூண்டி மலைக்கிராமத்தை மூடுபனி விழுங்கிக்கொண்டிருந்தது. பொழுது சாயவில்லை, அதற்குள் எதிர்வீட்டைக் காணோம். பரணில் கட்டுக்கட்டாகத் தொங்கிய மலைப்பூண்டில் அடுப்புப் புகை ஏறி, அந்தக் கார வாசம் சுவரில், கம்பளியில், சோற்றில், வீட்டு மனிதர்களின் தலைமயிரில் எல்லாம் ஊறிக் கிடந்தது. பிள்ளையை இழுத்து உச்சி முகர்ந்தான்.

பூண்டு வாசமே இல்லை. நனைந்த பாசியின் வாசம்.

"தலைக்குக் குளிச்சியா தாயி?"

"இல்லைங்க அப்பா."

வாடிக்கைக்காரரிடம் பேசுகிற மரியாதை. அவள் என்றைக்கும் அவனை 'வாப்பா, போப்பா' என்றுதான் சொல்வாள்.

பழனிக்குத் தம்பி வீட்டு விசேஷத்துக்குப் போன மனைவி சௌம்யா, போகும் வழியிலேயே தாரணியின் புது போன் விளையாட்டைப் பற்றி அவனுக்கு ஒன்றை அனுப்பியிருந்தாள்: 'பனிக்காட்டுப் பயணம், பெற்றோருக்கான வழிகாட்டி'. கூடவே அவள் குரல்: "முழுசாப் படிச்சிட்டு அப்புறம் விளையாட விடுங்க. யாவாரத்துல மாதிரி பாதியில துண்ட ஒதறிட்டு எந்திரிச்சிராதீங்க." ரத்தம் கிடையாது, கெட்ட வார்த்தை கிடையாது என்பது வரை படித்தான். பூண்டு கேட்டு ஒருவன் கூப்பிட்டான். மூடிவிட்டான்.

காலையிலிருந்து தாரணி சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள். "அப்பா, யாவாரம் முடிஞ்சிருச்சா? கூட வந்து ஆடுப்பா."

"இரு தாயி. சோலியா இருக்கேன்ல."

மத்தியானம், "பின்னால போயிட்டு வர்றேன், இதப் பிடி. குட்டிய மட்டும் விட்டுறாத," என்று போனை அவன் கையில் திணித்துவிட்டு ஓடினாள்.

திரையில் பனி மூடிய சோலை, ஒரு மரப்பாலம். விளக்கில்லாமல் தாண்ட முடியாது. வாளேந்திய பெண்ணின் பின்னால் சிவப்பு ஸ்வெட்டர் போட்ட குட்டி உருவம் ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. கறுப்புக் கம்பளி போர்த்திய வியாபாரி வழி மறித்தான். குட்டியைக் கொடுத்தால் ஒரு விளக்கு. முருகானந்தத்துக்குக் கை சும்மா இருக்குமா? 'மாட்டேன்' என்பதை அமுக்கினான். வியாபாரி இரண்டு என்றான். மறுபடி அமுக்கினான். மூன்று.

பிறகு அந்த வியாபாரி துண்டு போர்த்திய கையை நீட்டினான். முருகானந்தத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாட்டுத் தரகரான அவன் அப்பாவும் அப்படித்தான் விலை பேசுவார். வாய் திறக்காமல், துண்டுக்குள் விரலை அமுக்கியே. முழுக்கையையும் பற்றிவிட்டால் வியாபாரம் முடிந்தது. அப்புறம் பேச்சில்லை. பழக்கதோஷம், உள்ளங்கையைத் திரையில் வைத்தான். கண்ணாடி ஜில்லென்றது.

தாரணி வந்து பார்த்தாள்.

"குட்டிய எங்கப்பா?"

"வித்தாச்சு. ஒரு விளக்குதான் சொன்னான், மூணு வாங்கியிருக்கேன்ல!"

உதடு பிதுங்கியது. ஏதோ சொல்ல வந்தாள். அவன் போன் அடித்தது, எடுத்தான். அவள் மூலையில் போய்த் திரும்பி உட்கார்ந்தாள். அப்போதுகூட சிவப்பு ஸ்வெட்டர்தான் போட்டிருந்தாள்.

இப்போது சாம்பல் நிறம். அப்படி ஒன்று இந்த வீட்டில் கிடையாது.

வழிகாட்டியைத் திறந்தான். விட்ட இடத்துக்கு அடுத்த வரி: 'கூட வரும் குட்டிக்கு உங்கள் பிள்ளையின் முகமும் குரலுமே இருக்கும். அதைக் கொடுப்பதா வேண்டாமா என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். பெற்றவர்கள் விற்க வேண்டாம்.' கீழே தள்ளினான். ஒன்றுமில்லை. தள்ளத் தள்ள வெள்ளை.

பழைய போனை எடுத்தான். பாலத்தில் மூன்று விளக்கு எரிந்தது. ஆளில்லை. காதில் வைத்தான். காற்று. சொட்டும் நீர். வெகு தூரத்தில், அழுது அழுது கம்மிய குரல்.

"அப்பா... யாவாரம் முடிஞ்சிருச்சா?"

"தாயி! இங்கேருக்கேன் தாயி!"

ஒரு விளக்கு அணைந்தது.

முதுகுக்குப் பின்னால் கொடிக்கயிறு அசைந்தது. திரும்பினான். சாம்பல் ஸ்வெட்டர் போட்டவள் அவன் துண்டை உருவி எடுத்தாள். எதிரே சம்மணமிட்டாள். வலக்கையின் மேல் போர்த்திக்கொண்டாள்.

"அவளத் திருப்பணும்னா என்ன தருவீங்க?"

இரண்டாவது விளக்கு.

கையை நீட்டினான். துண்டுக்குள் விட்டான். வெளியே தெரிந்தது சின்ன மணிக்கட்டு, பாசிமணி வளையல். உள்ளே அவன் விரல்களைத் தடவிப் பார்த்தது வேறு கை. பெரியது. சொரசொரப்பானது. ஈரமானது. அவசரமே இல்லாமல் ஒவ்வொரு விரலாக அமுக்கி, விலை சொன்னது.

கேட்ட விலை தான்தான் என்று அவனுக்குப் புரிந்தது.

"முடிஞ்சிருச்சாப்பா?" என்றது போன்.

துண்டுக்குள் இருந்த கை, முழுக்கையையும் பற்றியது.